எழுபத்தொன்றின் தண்டு

வயல் நிலையம்,
ஜூன் 1, திங்கள்

சம்பந்தியம்மாவுக்கு,

போனில் கோதுமை பேசக் கூடாது, வீட்டில் கோதுமை பேசக் கூடாது என்று என் மகளும் உங்கள் மகனும் சேர்ந்து சட்டம் போட்டுவிட்டார்கள். கடிதத்தைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. அதனால் இதை உங்களுக்குச் சோதனைக்கு அனுப்பும் இலைப் பெட்டிக்குள் வைத்து வேனில் அனுப்புகிறேன். டிரைவர் திங்கட்கிழமை இங்கிருந்து உங்கள் ஆய்வகத்துக்கு வருகிறார், வியாழக்கிழமை திரும்புகிறார். பதில் எழுத உங்களுக்கு மூன்று நாள் இருக்கிறது.

போன புதன்கிழமை ஆண்டுக் கூட்டத்தில் முப்பது பேர் முன்னால் எழுந்து நின்று, "வயல்ல விதை கலந்துபோச்சு, இதுக்கு வேற விளக்கமே கிடையாது" என்று சொன்னீர்கள். சொல்லிவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடித்தீர்கள். நான் அந்தத் தண்ணீர் டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வருஷமாகக் கோதுமை ரகம் உருவாக்குகிறவனை விதை கலந்தவன் என்பதும், சமையல்காரனை உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்பதும் ஒன்றுதான்.

தண்டறுப்பான் பூச்சியின் வேலையை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். நான் வயலில் பார்த்திருக்கிறேன். தண்டுக்குள் முட்டை வைக்கிறது. புழு உள்ளேயே தின்றுகொண்டு கீழே இறங்கி, அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அடியில் வட்டமாக அறுத்துவிடுகிறது. காலையில் போய்ப் பார்த்தால் வயல் முழுக்கப் படுத்துக் கிடக்கும். தண்டு குழாயாக இல்லாமல் உள்ளே தக்கை நிறைந்திருந்தால் புழுவுக்கு நகர வழியில்லை. அந்தத் தக்கைக்காகத்தான் பதினோரு வருஷம் ரகத்தோடு ரகம் ஒட்டுச் சேர்த்து எழுபத்தொன்றாம் ரகம் வரை வந்திருக்கிறேன்.

போன வருஷம் கதிரைக் குருவி தின்றுவிட்டது. விளைச்சல் எண் இல்லை என்று தேர்வுக் குழு திருப்பி அனுப்பியது. இந்த வருஷமும் திருப்பினால் கோப்பை மூடிவிடுவார்கள், மூன்றாவது தடவை என்று ஒன்று கிடையாது. குழு ஜூலை 8 அன்று கூடுகிறது. நீங்கள் சொன்ன அந்த ஒரு வரி குறிப்பேட்டில் அப்படியே ஏறியிருக்கிறது. அது அங்கே இருக்கும்வரை எழுபத்தொன்றுக்குக் கதி இல்லை.

ஆமாம், தண்டு பொந்துதான். நானே அறுத்தேன், நானே எழுதினேன். ஒரு தண்டுக்கு ஐந்து துண்டு, துண்டுக்கு ஐந்து மதிப்பெண், ஆக இருபத்தைந்து. பதினெட்டுக்குக் குறைந்தால் தேறாது. எழுபத்தொன்று எடுத்தது ஒன்பது. மறைக்கவில்லையே. ஆனால் அது விதை கலந்ததால் இல்லை. உங்கள் மெஷினில்தான் கோளாறு. அறுத்த எண்பது செடியின் இலையையும் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
விதை கலக்காதவன்


ஆய்வகம்,
ஜூன் 4, வியாழன்

சம்பந்தி அவர்களுக்கு,

முப்பது பேர் இல்லை, இருபத்தாறு பேர். நான் எண்ணினேன்.

இலை என்று எழுதியிருக்கிறீர்கள், வந்தது சருகு. அதுவும் எண்பது உறையில் பதினேழு உறைமேல் எண் அழிந்திருக்கிறது. பென்சிலால் எழுதுங்கள், மை ஈரத்தில் கரையும் என்று எனக்கு நினைவு தெரிந்த நாளாகச் சொல்லிவருகிறேன். இதைத் தவிர, உங்கள் கடிதம் ஓர் உரப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. நான் முதலில் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு, சம்பந்தி எதற்கு எனக்குப் பத்து மூட்டை யூரியாவைப் பற்றி எழுதுகிறார் என்று குழம்பினேன். உங்கள் நிலையத்தில் வெள்ளைத் தாளே இல்லையா?

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் விதைப்பதற்கு முன் நீங்கள் கொடுத்த விதையை நான் சோதித்தேன். தண்டை நிறைக்கிற மரபணு அதில் இருந்தது. மே மாதம் அறுத்த தண்டு பொந்து. நடுவில் ஆறு மாதம் அந்த விதை உங்கள் கையில் இருந்தது. மேகமூட்டமான வருஷத்தில் தக்கை குறையும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பக்கத்து வரிசையில் இருந்த ஒப்பீட்டு ரகம் அதே வானத்துக்குக் கீழே இருபத்தொன்று வாங்கியிருக்கிறது. ஆகவே வானத்தின் மேலும் பழி போட முடியாது. மிச்சம் இருப்பது என்ன? கோபப்படாமல் நீங்களே சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வீட்டில் சாப்பிட்டேன். ரொட்டியைப் பிய்த்து, "மெத்துனு இருக்கே" என்று மட்டும்தான் சொன்னேன். உங்கள் மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். என் மகன் "அம்மா" என்றான். அந்த ஒரு சொல்லில் அவன் அப்பாவின் மொத்தக் கண்டிப்பும் இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் மழையைப் பற்றிப் பேசினோம். மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது.

இலைகளைச் சோதிக்கிறேன். இரண்டு வாரம் ஆகும். சருகிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை.

சம்பந்தி


வயல் நிலையம்,
ஜூன் 8, திங்கள்

சம்பந்தியம்மாவுக்கு,

வெள்ளைத் தாள் இருக்கிறது. ஒரு பக்கம் காலியாக இருக்கிற தாளைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது. பழைய தாள்கள் அலமாரி முழுக்க இருக்கின்றன, நான் சாகும்வரை உங்களுக்கு எழுதலாம்.

விதை ஆறு மாதம் என் கையில் இருந்ததாம். என் கை என்ன செய்தது என்று கேளுங்கள். ஒவ்வொரு ரகம் விதைத்து முடித்ததும் விதைக்கும் கருவியின் ஆறு குழாயையும் கழற்றுவேன். ஊதுவேன், பிரஷ் விட்டுத் துடைப்பேன், டார்ச் அடித்துப் பார்ப்பேன். பிறகு சட்டைப் பையைத் திருப்பி உதறுவேன். பேன்ட் மடிப்பை உதறுவேன். என் மனைவி ஒருநாள் வரப்பில் வந்து நின்று, "விட்டா தோலையும் உரிச்சு உதறுவீங்க போல" என்றாள். இந்த மனுஷன் விதையைக் கலந்துவிட்டான் என்று நீங்கள் தண்ணீர் குடித்தபடி சொல்கிறீர்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். போன வெள்ளிக்கிழமை கடைவாய்ப் பல் வலி தாங்காமல் மாப்பிள்ளையிடம் போனேன். பல் டாக்டர் மாப்பிள்ளையாகக் கிடைத்ததில் இதுவரை பெருமைதான் பட்டிருக்கிறேன். நாற்காலியில் படுக்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே இரண்டு கருவியும் பஞ்சும் வைத்துவிட்டு, "மாமா, அம்மா சொன்னது தப்பாவே இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் இப்படி இருந்தா நாங்க யார் பக்கம் உட்கார்றது?" என்று கேட்டார். நான் "ஆ" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அரைமணி நேரம் அவர் பேசினார், நான் ஆ ஆ என்று கேட்டுக்கொண்டேன். உங்கள் பிள்ளைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குழுவுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. சீக்கிரம் பாருங்கள்.

பல்லைக் கடிக்க முடியாத நிலையில்,
சம்பந்தி


ஆய்வகம்,
ஜூன் 18, வியாழன்

சம்பந்தி அவர்களுக்கு,

எண்பதிலும் இருக்கிறது.

எண் இல்லாத பதினேழையும் சேர்த்துத்தான். முதல் தடவை முடிவு வந்ததும் நம்பவில்லை. உதவியாளரைத் தள்ளிவிட்டு நானே கையுறை மாட்டி மறுபடி செய்தேன். அப்போதும் எண்பது. நீங்கள் விதைத்தது எழுபத்தொன்றுதான், வளர்ந்ததும் எழுபத்தொன்றுதான். விதை கலக்கவில்லை.

இதை எழுதும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று நீங்கள் ஊகித்துச் சந்தோஷப்படலாம். படுங்கள்.

ஆனால் குழு முன்னால் இதை மட்டும் சொல்ல எனக்கு இப்போது தைரியம் இல்லை. அவர்கள் அடுத்து கேட்கப் போவது எனக்கு இப்போதே காதில் விழுகிறது. "மரபணு இருக்குன்னா தண்டு ஏன் பொந்தா இருக்கு?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமல் எழுந்தால், தண்டு எப்படி இருக்கும் என்று இலையைப் பார்த்தே சொல்லலாம் என்று எட்டு வருஷமாக நான் சொல்லிவரும் எல்லாமே காற்றில் போய்விடும். எழுபத்தொன்றும் அதோடு சேர்ந்து போகும். தேர்வுக் குழுவுக்குத் தண்டுதான் முக்கியம், நம் சண்டை இல்லை. பொந்துத் தண்டை அவர்கள் திருப்பித்தான் அனுப்புவார்கள்.

இருபத்தாறு பேர் முன்னால் சொன்னதை ஒரு கடிதத்தில் இரகசியமாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இது நன்றாக இல்லை என்று எனக்கே தெரிகிறது.

தயவுசெய்து யோசியுங்கள். இந்த வருஷம் எழுபத்தொன்றுக்கு மட்டும் வேறு விதமாக என்ன செய்தீர்கள்? தண்ணீர், உரம், விதைத்த நெருக்கம், மருந்து, எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். "எப்போதும் செய்வதைத்தான் செய்தேன்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

சம்பந்தி


வயல் நிலையம்,
ஜூன் 22, திங்கள்

சம்பந்தியம்மாவுக்கு,

எப்போதும் செய்வதைத்தான் செய்தேன்.

அதே தண்ணீர், அதே உரம், வரிசைக்கு வரிசை அதே இடைவெளி. வேண்டுமானால் வந்து அளந்துகொள்ளுங்கள். எண்பதிலும் இருக்கிறது என்று நாலு சுவருக்குள் எழுதுவீர்கள், சபையில் சொல்ல மாட்டீர்கள். திட்டும்போது ஒலிபெருக்கி, மன்னிப்பு என்றால் அஞ்சல் உறை. நன்றாக இருக்கிறது நியாயம். உங்கள் வரியைப் படித்ததும் பெட்டியை எட்டி உதைத்தேன். கால் விரல்தான் வீங்கியது.

இந்த எழுபத்தொன்றின் மேல் எல்லோருக்கும் என்ன கோபமோ தெரியவில்லை. நிலையத்தின் வருஷ அறிக்கைக்குப் படம் எடுக்க ஏப்ரலில் என் மகளை வரச் சொன்னேன். போட்டோகிராபர் வீட்டிலேயே இருக்கும்போது வெளியில் எதற்கு ஆள் தேடுவது என்று. வந்தவள் மற்ற ரகங்களையெல்லாம் படபடவென்று எடுத்தாள். எழுபத்தொன்றிடம் வந்ததும், "அப்பா, இதுக்குள்ள வெளிச்சமே இல்ல. இந்த வலையக் கொஞ்சம் கழட்டேன்" என்றாள். குருவி புகுந்துவிடும், முடியாது என்றேன். "அப்போ உன் செல்லத்த நீயே எடுத்துக்கோ" என்று கேமராவைப் பையில் போட்டாள். பிறகு மனசு கேட்காமல் நாலு படம் எடுத்தாள், நாலும் கறுப்பு. போன வாரம் இயக்குநர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். கோதுமையா கருவேப்பிலையா தெரியவில்லை என்று மேலே ஒரு குறிப்பு வேறு. அறிக்கையில் எல்லா ரகத்துக்கும் படம் இருக்கிறது, எழுபத்தொன்றுக்கு மட்டும் வெற்றுக் கட்டம். படத்திலும் இல்லை, குழுவிலும் இல்லாமல் போகப் போகிறது.

மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. பல் வலியால் இல்லை. பதினோரு வருஷம், சம்பந்தியம்மா. என் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது முதல் ஒட்டுச் சேர்த்தேன். அவளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. அதுவும் அந்த இலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் ஆய்வகத்துக்கு வந்தவளை உங்கள் மகன் பார்த்ததால் ஆனது. எழுபத்தொன்று இல்லாவிட்டால் நாம் சம்பந்தியே இல்லை. அதையாவது நினைத்துப் பாருங்கள்.

சம்பந்தி


ஆய்வகம்,
ஜூன் 25, வியாழன்

சம்பந்தி,

எத்தனை வலை போட்டீர்கள்?

என்ன நிறம்? எந்தத் தேதியில் போட்டீர்கள், எந்தத் தேதியில் எடுத்தீர்கள்? ஒப்பீட்டு ரகத்தின் மேல் வலை இருந்ததா இல்லையா?

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்த ஆத்திரத்தில், இந்தத் தடவை எந்த மூட்டைக் கணக்கின் முதுகில் எழுதியிருக்கிறார் பார்ப்போம் என்று தாளைத் திருப்பினேன். அது என் அறிக்கை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதி, என் கையெழுத்தோடு உங்களுக்கு அனுப்பியது. பதினான்காம் பக்கம். என் அறிக்கையைக் கிழித்து அதன் பின்னால் என்னையே திட்டி எழுதியிருக்கிறாரே என்று கொதித்துப்போய்த்தான் அந்தப் பக்கத்தையும் படித்தேன். அடிக்குறிப்பு இரண்டு. அப்படியே எழுதுகிறேன்: "தண்டு நீளும் பருவத்தில் செடியின் மேல் நிழல் இருந்தால், மரபணு இருந்தும் தக்கை நிறையாமல் போகலாம்."

தாளின் ஒரு பக்கத்தில் உங்கள் மகள் "வெளிச்சமே இல்ல" என்கிறாள். மறுபக்கத்தில் நான் நிழல் என்கிறேன். நடுவில் நாம் இரண்டு பேரும் ஒரு மாதமாக ஒருவரையொருவர் கடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

எத்தனை வலை?


வயல் நிலையம்,
ஜூன் 29, திங்கள்

சம்பந்தியம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

இரண்டு வலை. கறுப்பு.

முதல் வலையைப் பிப்ரவரி நடுவில் போட்டேன். கதிர் வந்த பிறகு போட்டால் போதும். ஆனால் போன வருஷம் குருவி தின்றது என் கண்ணிலேயே நின்றது. மார்ச் முதல் வாரம் ஒரு குருவி எப்படியோ உள்ளே புகுந்து உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு குருவி, கதிர்கூட இல்லை, சும்மாதான் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கே இரண்டாவது வலையைப் போட்டேன். சாலைப் பக்கம் தூசி வருகிறது என்று சாக்குப் படுதாவும் கட்டினேன். தண்டு நீண்டதெல்லாம் அந்தக் கூடாரத்துக்குள்தான். எடுத்தது அறுவடை அன்று.

ஒப்பீட்டு ரகத்துக்கு வலை இல்லை. மற்ற எதற்குமே இல்லை, எழுபத்தொன்றுக்கு மட்டும்தான். வேறு விதமாக என்ன செய்தீர்கள் என்று நீங்கள் கேட்டபோது இது நினைவுக்கே வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். வலையை நான் செய்த காரியமாகவே நினைக்கவில்லை. மழை வந்தால் குடை பிடிப்பதுபோல அது தானாக நடந்தது.

உங்கள் அறிக்கையை நான் படிக்கவில்லை. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தேன். அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்?

என் மனைவியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "பொண்ணு அன்னிக்கே சொன்னாளே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒன்று கேட்கலாமா? குழுவிடம் வலை என்று சொல்லாமல், ஏதோ நிழல் விழுந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்ல முடியுமா? மரம், மேகம், ஏதாவது. இருபத்தைந்து வருஷம் இந்த வேலையில் இருந்துவிட்டு, நானே பொத்திப் பொத்தி வைத்து அதைப் பொந்தாக்கினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்னொரு விஷயம். விதைத்த அன்று கைப்பிடி விதை மிஞ்சியது. தூக்கிப் போட மனசில்லாமல் பம்பு அறைச் சுவரோரம் விதைத்தேன். வலை இல்லை, ஒன்றும் இல்லை. கதிரையெல்லாம் குருவி தின்றுவிட்டது. தண்டு மட்டும் முப்பது நாற்பது காய்ந்து நிற்கிறது. நல்ல வெயில் படுகிற இடம். நீங்கள் எழுதியதைப் படித்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அறுக்காமல் திரும்பிவிட்டேன். அதுவும் பொந்தாக இருந்தால் என்ன செய்வது? பயமாக இருக்கிறது.

சம்பந்தி


ஆய்வகம்,
ஜூலை 2, வியாழன்

சம்பந்தி அவர்களுக்கு,

இரண்டு வலையும் போதாதென்று படுதாவா? படித்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். உதவியாளர் தலைவலி மாத்திரை கொண்டுவந்து வைத்தார்.

பம்பு அறைத் தண்டைத் தொடாதீர்கள். நல்லவேளை, பயந்தீர்கள். நீங்கள் அறுத்தால் குழு நம்பாது, உங்கள் ரகம். நான் அறுத்தாலும் நம்பாது, என் மரபணு. டிரைவர் அறுக்கட்டும். அவருக்கு இரண்டு பேரின் மேலும் ஒரே அளவு சலிப்பு. "பெட்டி கனமா இருந்தாக்கூட பரவால்லைங்க, உங்க ரெண்டு பேரு கோபத்தையும் சேர்த்துல்ல தூக்கறேன்" என்று போன வாரம் என்னிடமே சொன்னார். திங்களன்று கிளம்புவதற்கு முன் முப்பது தண்டு அறுக்கச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை அவர் கையாலேயே எழுதட்டும், இயக்குநர் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடட்டும். ஒவ்வொரு தண்டின் இலையையும் தனி உறையில் போடுங்கள். பென்சில். திங்கள் மாலை பெட்டி வந்தால் செவ்வாய் முழுக்க உட்கார்ந்து, அவை எழுபத்தொன்றுதானா என்று சோதித்துவிடுவேன். புதன் குழு.

மரம், மேகம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வலை என்றால்தான் கணக்கு சரியாக வரும், ஒப்பீட்டு ரகம் ஏன் தப்பித்தது என்பதற்கும் அதுதான் பதில். உங்களுக்கு வாய் வராது என்பது புரிகிறது. எனக்கு மட்டும் வருமா? நிழல் பட்டால் பொந்தாகும் என்று என் கையாலேயே எழுதி வைத்தவள், சபையில் எழுந்து வேறு விளக்கமே கிடையாது என்றேன். நீங்கள் என் அறிக்கையைப் படிக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் நானும்தான் அதைத் திரும்பப் படிக்கவில்லை.

உங்கள் ரகம் பேசப்படும்போது நீங்கள் அறைக்குள் இருக்க முடியாது. நான் மட்டும்தான் இருப்பேன். வலையைச் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் கண்டிப்பாகச் சொன்னால் நான் எழுந்திருக்கவே மாட்டேன். திங்கட்கிழமை பெட்டியில் பதில் வையுங்கள்.

சம்பந்தி


வயல் நிலையம்,
ஜூலை 6, திங்கள்

சம்பந்தியம்மாவுக்கு,

வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன்.

நான் பம்பு அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். டிரைவர் முதல் தண்டில் கத்தி வைத்தார். மறுபடி அழுத்தினார். பிறகு, "சார், இது என்ன குச்சியா? கத்தி இறங்க மாட்டேங்குது" என்றார். நான் திரும்பவில்லை. இயக்குநர் "எழுதுங்க, அஞ்சு" என்றார். அடுத்தது அஞ்சு. அடுத்தது நாலு. முப்பது தண்டும் முடிந்து கூட்டி வகுத்தபோது சராசரி இருபத்திரண்டு. டிரைவரின் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பம்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் கேட்டிருக்காது.

வலையைச் சொல்லிவிடுங்கள். இரண்டு வலை, கறுப்பு, படுதாவோடு சேர்த்து. என் பெயரையும் சொல்லுங்கள்.

உறைமேல் எல்லாம் பென்சில்தான்.

சம்பந்தி


ஆய்வகம்,
ஜூலை 9, வியாழன்

சம்பந்தி அவர்களுக்கு,

பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள், சரி. ஆனால் எண் பன்னிரண்டு இரண்டு உறைமேல் இருக்கிறது, பதின்மூன்று எதிலும் இல்லை. செவ்வாய்க்கிழமை அரைநாள் அதிலேயே போனது. இருக்கட்டும். முப்பதும் எழுபத்தொன்றுதான்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். எழுபத்தொன்று என்று வாசித்ததும் தலைவர் கோப்பைத் தள்ளி வைத்தார். "ஒன்பது மதிப்பெண், விதைக் கலப்புன்னு குறிப்பு இருக்கு, ரெண்டாவது தடவை. அடுத்தது" என்றார். நான் எழுந்தேன். அந்தக் குறிப்பு தவறு, அதைச் சொன்னவள் நான், விதை கலக்கவில்லை, நீக்குங்கள் என்றேன். எண்பது இலை, முப்பது தண்டு, டிரைவரின் தாள் எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தேன். தலைவர் டிரைவரின் கையெழுத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு வலையைச் சொன்னேன். இரண்டு, கறுப்பு, படுதா. சிரித்தார்கள். ஆமாம், சிரித்தார்கள், உங்களிடம் மறைப்பதற்கில்லை. "இருபத்தஞ்சு வருஷ அனுபவம் இருக்கிறவருக்கு நிழல் பட்டா என்ன ஆகும்னு தெரியாதா?" என்று ஒருவர் கேட்டார். தெரியவில்லைதான், நிழலைப் பற்றி அறிக்கை எழுதியவளுக்கும் அவ்வளவே அனுபவம், அவளுக்கும் நினைவில்லை என்றேன். பதினான்காம் பக்கத்தைக் காட்டினேன். அதன் மறுபக்கத்தில் நீங்கள் என்னைத் திட்டி எழுதியிருந்ததைத் தலைவர் முழுதாகப் படித்துவிட்டார். ஒலிபெருக்கி, அஞ்சல் உறை எல்லாவற்றையும். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார்.

முடிவு இதுதான். கோப்பை மூடவில்லை. ரகத்தை வெளியிடவும் இல்லை. பூச்சி அதிகம் இருக்கிற இடமாகப் பார்த்து மூன்று விவசாயிகளின் வயலில் ஒரு வருஷம் விதைக்க வேண்டும். அங்கே நின்றால் வெளியிடுவார்கள். நிபந்தனை ஒன்று என்று எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறார்கள்: வலை கூடாது.

நாள் முழுக்க நின்றதில் கால் வலிக்கிறது. ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகு நேற்று நன்றாகத் தூங்கினேன். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் முதலில் உங்களிடம்தான் கேட்டிருக்க வேண்டும். நேற்று அந்த அறையில் பதினொரு பேர்தான் இருந்தார்கள். மீதிப் பதினைந்து பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதிவிட்டேன்.

பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் மகளிடம் நீங்களே சொல்லுங்கள், அவள்தான் முதலில் கண்டுபிடித்தவள்.

சம்பந்தி


வயல் நிலையம்,
மே 31, திங்கள்

சம்பந்தியம்மாவுக்கு,

இது புதுத் தாள். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை, திருப்ப வேண்டாம்.

குழு சொன்ன மூன்று வயலில் இரண்டைப் பற்றிப் போன மாதமே எழுதினேன், அங்கே இந்த வருஷம் பூச்சியே அவ்வளவாக இல்லை. அதனால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை என்று நீங்கள் மூக்கால் அழுதீர்கள். மூன்றாவது வயலுக்கு நேற்றுப் போனேன். பிடிவாதம் பிடித்துக்கொண்டு என் மகளும் கேமராவோடு வந்தாள். அவளை நான் கூப்பிடவில்லை. வழி முழுக்க, "வலை கிலை எதாவது கட்டியிருந்தே, அப்படியே திரும்பிடுவேன்" என்று மிரட்டிக்கொண்டே வந்தாள். கட்டவில்லை. குருவி தின்றிருக்கிறது, வரிசைக்கு நாலு கதிராவது போயிருக்கும். பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அந்த விவசாயியின் வயலில் ஒரு பாதி அவர் வழக்கமாக விதைக்கும் ரகம், ஒரு பாதி எழுபத்தொன்று. நடுவில் ஒரு முழ அகல நடைபாதை. சனிக்கிழமை கொஞ்சம் காற்று அடித்திருக்கிறது. பெரிய காற்று இல்லை, கொடியில் காயும் துணியை அசைக்கிற காற்று. அவர் பாதி முழுக்கத் தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஒரு தண்டை எடுத்துப் பார்த்தேன், அடியில் அறுத்த இடம் கத்தியால் சீவியதுபோல வட்டமாக இருந்தது. உள்ளே புழு நன்றாகத் தின்று கொழுத்திருந்தது. அந்த மனுஷன் வரப்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரே எழுந்து நடைபாதைக்கு இந்தப் பக்கம் வந்து எழுபத்தொன்றைக் கையால் தடவிப் பார்த்தார். "இது ஏங்க விழல?" என்று கேட்டார். என் மகள்தான், "உள்ள நிறைஞ்சிருக்குங்க" என்றாள். பிறகு படம் எடுக்க ஆரம்பித்தாள், வெளிச்சம் போதும் என்றாள்.

பத்துத் தண்டு அறுத்தோம். நான் இல்லை, அந்த விவசாயி. சராசரி இருபத்து மூன்று.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வீட்டுக்கு, உங்கள் வீட்டுக்காரரையும் என் மனைவியையும் சேர்த்து, நாம் நான்கு பேரும் வர வேண்டுமாம். கோதுமை பேசலாமாம், ஆனால் சாப்பாடு முடிந்த பிறகு, அரைமணி நேரம்தானாம். மாப்பிள்ளை கடிகாரம் வைத்துக்கொண்டு உட்காரப் போகிறார்.

நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரு தண்டு அனுப்புகிறேன். உறைக்குள் வைக்கலாம் என்று மடித்துப் பார்த்தேன். மடியவில்லை. என் மனைவியும் மடித்துப் பார்த்தாள், டிரைவரும் முழங்காலில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டார். அதனால்தான் இந்த ஒரு தாளுக்கு இவ்வளவு நீளமான பெட்டி.

சம்பந்தி